ஏற்றத்தில் மட்டும் கேட்கும் சத்தம்

மார்ச் 3

அண்ணா,

சண்டை போட எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை முழுக்கப் படிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய். மூன்று முறை உன் சுரங்க ஆபீசுக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் நீ குழிக்குள் இறங்கியிருப்பதாகக் கிளார்க் சொன்னான். மூன்றாவது முறை பின்னால் நீ இருமியது கேட்டது. என் காதைப் பற்றித் தெரிந்துமா இந்த வேலை? போகட்டும். வாயைப் பூட்டிக்கொண்டவனிடம் காகிதத்தில்தான் பேச வேண்டும். எட்டு நாள் ஆகும் என்று தபால்காரர் சொல்கிறார்.

விஷயம் வண்டியைப் பற்றி. நீ டர்போ மாற்றிவிட்டுப் பஸ் ஏறிய பிறகு இரண்டு வாரம் பிக்கப் நன்றாகத்தான் ஓடியது. மலை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றம் முழுக்க மூன்றாவது கியரிலேயே போனது. இவர்கூட உன்னை ஒரு வார்த்தை பாராட்டினார், நம்ப மாட்டாய். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சத்தம். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மூச்சு இழுக்குமே, அந்த மாதிரி மெல்லிசாக ஆரம்பித்து மேலே போகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் வருகிறது. காலை எடுத்தால் போய்விடுகிறது. வெறும் வண்டியில் இல்லை. ஆஸ்பத்திரி அழுக்குத் துணி மூட்டையோடு இறங்கும்போதும் இல்லை. வெளுத்த துணியை ஏற்றிக்கொண்டு மேலே போகும்போதுதான்.

இவருக்கு அது கேட்பதே இல்லை. தகரப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்த காது. மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு எட்டாது. நம் வீட்டு அழைப்பு மணியே அவருக்குக் கேட்காது. “உன் காதுல பூச்சி பூந்திருக்கு, வண்டில ஒண்ணும் இல்ல” என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நான் “இதோ, இதோ” என்று கையைத் தூக்கினால் சிரிக்கிறார். இந்த வண்டி விஷயத்தில் நான் யாரை நம்புவது? நீ கழற்றி மாட்டிய இன்ஜின். நீதான் சொல்ல வேண்டும்.

நீ டர்போ மாற்றிய அன்றைக்கு ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் முன்னால் இவர் பேசியது தப்புதான். நான் அப்போதே அவரிடம் சொன்னேன். நீ சாப்பிடாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உன் தங்கை

 

மார்ச் 12

பாம்புக் காதுக்காரிக்கு,

இருமியது நான்தான். சளி.

வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதைப் பேச இன்னும் எனக்கு மனசு வரவில்லை. “உங்க அண்ணன் தொட்டா ஒரு வேலை ரெண்டு வேலையாகும்” என்று ஊரார் முன்னால் சொன்னவர் இப்போது பாராட்டினார் என்கிறாய். சந்தோஷம். அதைச் சட்டம் போட்டு மாட்டி வை.

சத்தம் ஏற்றத்தில் மட்டும் வந்தால் முக்கால்வாசி காற்றுக் கசிவுதான். டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை அதைச் சுற்றும், அது வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். சுமை ஏறினால் அழுத்தமும் ஏறும். அந்தக் காற்று போகும் ரப்பர் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் விசில் அடிக்கும். சோப்புத் தண்ணீருக்கு உன் வீட்டில் பஞ்சமில்லை. குழாய் மேல் தடவிவிட்டு, ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல். குமிழி வரும் இடத்தில் கிளிப்பை இறுக்கு.

இன்னும் சில கேள்விகள். வண்டியை நிறுத்திய பிறகு என்ன கேட்கிறது? காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது புகை என்ன நிறம்? ஆயில் குறைகிறதா? ஒரு நீளமான மரக் கம்பை இன்ஜின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து மறுமுனையில் காதை வை. எங்கே சத்தம் அதிகம் என்று எழுது. பெல்ட் பக்கம் முந்தானையைக் கொண்டு போகாதே.

ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏற்றம் ஏறி முடித்த உடனே சாவியைத் திருப்பும் பழக்கம் உண்டு. நெருப்பாகக் கொதிக்கும் டர்போவுக்கு அப்படிச் செய்தால் உள்ளே ஆயில் கருகிவிடும். நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இதை அவருக்குப் படித்துக் காட்டு. வண்டி கெட்டால் அது யார் கையால் என்று அவருக்கும் தெரியட்டும்.

அண்ணன்

 

மார்ச் 22

அண்ணா,

படித்துக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது. ஆனால் மறுநாள் மேலே போனதும் சாவியில் கை வைக்காமல் வாட்சைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்து என்னவென்று கேட்டதற்கு, “மச்சான் உத்தரவு” என்றார். கிண்டல்தான். ஆனாலும் செய்கிறார்.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. துணி கிளறும் கம்பைக் காதில் வைத்துக் கேட்டேன். பெல்ட் பக்கம் சாதாரணமாக இருக்கிறது. மேல் மூடியில் டக் டக் என்று ஒரே சீராக இருக்கிறது. டர்போ மேல் வைத்ததும் காதை எடுத்துவிட்டேன், அவ்வளவு கூச்சம். யாரோ தட்டில் ஆணியால் கோடு இழுக்கிற மாதிரி.

நிறுத்திய பிறகு என்ன கேட்கிறது என்று கேட்டிருந்தாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பிய பிறகும் அந்தக் காற்றாடி கொஞ்ச நேரம் விர்ரென்று சுற்றி அடங்கும். இப்போது அப்படி இல்லை. உடனே நிற்கிறது. நிற்கும்போது ஒரு உரசல். காலைப் புகை நீலமாக இருக்கிறது. காயப்போட்ட படுக்கை விரிப்பில் எண்ணெய் வாடை ஏறி, ஒரு கொடி முழுக்க மறுபடியும் துவைத்தேன். வாரம் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறார். நேற்றுதான் ஒப்புக்கொண்டார்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மலைப் பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அதனால் சாவியை வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன். இப்போதைக்கு ரொட்டிக்கடைக்காரர் வேனை இரவல் வாங்கித் துணி ஏற்றுகிறோம். அது பாதி மூட்டைதான் பிடிக்கும். இரண்டு வார்டுக்கு விரிப்பு ஒரு நாள் தாமதமாகப் போய்விட்டது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஸ்டோர்கீப்பர் சொல்லிவிட்டார். இவர் தினமும் சாவியைக் கேட்கிறார். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்றும் கேட்கிறார். உன் பதில் வரும்வரை ஒன்றும் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுது. வண்டியை மேலே எடுத்துப் போகலாமா, கூடாதா?

தங்கை

 

மார்ச் 31

தங்கச்சிக்கு,

போகலாம்.

மரக் கம்பில் கேட்பது சில சமயம் ஏமாற்றும். இரும்பு வழியாகச் சத்தம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். புகைக் குழாய் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் பேக்கிங் லேசாக விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் ஏற்றத்தில்தான் சத்தம் போடும். நீலப் புகை பழைய இன்ஜினுக்குச் சகஜம். கொஞ்சம் கெட்டியான ஆயிலாக மாற்றச் சொல். சுமையைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாகப் போகச் சொல். மேலே போனதும் இரண்டு நிமிடம், அதை விடக்கூடாது.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கை டர்போ பக்கம் விடாதே. அவன் ஒன்றைக் கழற்றினால் நாலு கெட்டுப்போனதாகச் சொல்வான். இரண்டு மாதத்தில் எனக்கு லீவு வரும். நானே வந்து திறந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் திறக்க வேண்டாம்.

நீ சின்ன வயசிலிருந்தே இல்லாத சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறவள்.

அண்ணன்

 

ஏப்ரல் 6

தங்கச்சி,

இது கையில் கிடைத்த உடனே அவரிடமிருந்து சாவியை வாங்கிவிடு. மீதியை அப்புறம் படி.

போன கடிதத்தில் எழுதியது பொய். நீ கேட்ட சத்தம் எல்லாம் நிஜம். காற்றாடி நின்றுவிடுகிறது, உரசுகிறது என்று நீ எழுதிய வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் ‘போகலாம்’ என்று எழுதினேன்.

டர்போவின் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுற்றுகிறது. அந்த ஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வருகிறது. அது சேரும் இடத்தில் ஒரு சின்னக் காகிதப் பேக்கிங் வைக்க வேண்டும். அன்றைக்கு நான் மாட்டும்போது அந்தப் பேக்கிங் கிழிந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு வாங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். மாப்பிள்ளை பேசியது காதில் கொதித்துக்கொண்டிருந்தது. மதியப் பஸ்ஸை விட்டால் அன்று ராத்திரி அதே வீட்டில் அவர் எதிரில் உட்கார வேண்டும். பேக்கிங்குக்குப் பதிலாக, டியூபில் வரும் ஒட்டுப் பேஸ்ட்டைப் பிதுக்கித் தடவி முறுக்கிவிட்டேன். தொழில் தெரிந்தவன் யாரும் அந்த இடத்தில் பேஸ்ட் தொட மாட்டான். அது காய்ந்ததும் நூல் நூலாகப் பிய்ந்து ஆயில் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். நானே எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று மட்டுகூட இல்லை.

மெக்கானிக்கைத் திறக்க விடாதே என்று எழுதியது அதற்காகத்தான். அவன் திறந்தால் பேஸ்ட்டைப் பார்ப்பான். மாப்பிள்ளையிடம் காட்டுவான். ஸ்டோர்கீப்பர் முன்னால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். இந்த ஒரு பயத்துக்காக உங்கள் இரண்டு பேரையும் அந்த மலையில் ஏறச் சொன்னேன்.

இனி நடக்கக்கூடியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. டர்போ உள்ளே உடைந்தால் ஆயில் நேராக இன்ஜினுக்குள் போகும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் திணறி நின்றுவிடும். முடியாவிட்டால் இறங்கி ஓடிவிட வேண்டும். பானட்டைத் திறந்து காற்றுக் குழாயில் எக்காரணத்தைக் கொண்டும் கை வைக்கக் கூடாது. அந்தக் காற்றாடி கத்தி.

இன்று போன் செய்யத்தான் ஆபீசுக்கு வந்தேன். கிளார்க் போனை என் பக்கம் நகர்த்திக்கூட வைத்தான். மாப்பிள்ளை எடுத்தால் என்ன சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கவர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். நாளைத் தபால் பையில் போய்விடும்.

அண்ணன்

 

ஏப்ரல் 11

அண்ணா,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ‘போகலாம்’ என்று படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. சாவியை அவரிடம் கொடுத்தேன். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்றார்.

ஒன்பதாம் தேதி காலையில் போனார். முக்கால் சுமைதான். நீ சொன்னபடி மெதுவாகத்தான் ஏறியிருக்கிறார். எனக்கு இஸ்திரி வேலை பாக்கி இருந்ததால் நான் போகவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடத்துக்கு வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அப்போது இன்ஜின் தானாக வேகமெடுத்தது. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் எடுத்தே விட்டார், அப்போதும் நிற்கவில்லை. நர்ஸ் சொன்னார், மாடியில் கண்ணாடியெல்லாம் அதிர்ந்ததாம். முற்றத்தை ஒட்டித்தான் வயசான ஆண்கள் வார்டு. எழுந்து நடக்க முடியாதவர்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே போக ஆரம்பித்ததும் அங்கிருந்து இருமலும் கூப்பாடும் கேட்டிருக்கிறது.

அந்தக் கூப்பாடு மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. பானட்டைத் திறந்து, காற்றை அடைத்தால் நின்றுவிடும் என்று ரப்பர் குழாயைப் பிடுங்கி, ஒரு விரிப்பைக் கையில் சுற்றி டர்போவின் வாயில் வைத்து அழுத்தினார். அது விரிப்பை இழுத்தது. விரிப்போடு கையையும் இழுத்தது.

இன்ஜின் நின்றுவிட்டது. வார்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரி முற்றத்திலேயே நடந்ததால் உயிர் பிழைத்தார் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நான் துவைத்து மடித்து அனுப்பிய விரிப்பில்தான் அவரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் நான் தைத்த வார்டு எண் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மயக்கம் தெளிந்து பேசினார். உனக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “சூட்டோட அணைச்சு அணைச்சு வண்டிய நான்தான் கெடுத்தேன். மச்சான் எத்தனையோ தடவ சொன்னாரு, நான் கேக்கல. அவர் எழுதினப்புறம்தான் ரெண்டு நிமிஷம் ஓடவிட்டேன், அதுக்குள்ள கெட்டுப்போச்சு. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவர அப்படிப் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு எழுது.”

எழுதிவிட்டேன்.

தங்கை

 

ஏப்ரல் 18

அண்ணா,

நீ ஆறாம் தேதி எழுதியது பதினான்காம் தேதி வந்தது.

முதல் வரியில் சாவியை வாங்கிவிடு என்று எழுதியிருந்தாய். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அவர் இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்ததை நர்ஸ் பிரித்தெடுத்துக் கொடுத்தார்.

எக்காரணத்தைக் கொண்டும் கை வைக்கக் கூடாது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பெரிய கியர், பிரேக், கிளட்ச். மூன்று வார்த்தை. ஆறாம் தேதி அந்தக் கிளார்க் போனை உன் பக்கம் நகர்த்தி வைத்தபோது இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அன்றைக்கு வண்டி வாசலில் நின்றது. சாவி என் இடுப்பில் இருந்தது. ஏழாம் தேதியும் இருந்தது. எட்டாம் தேதி நீ சொன்னதால்தான் கொடுத்தேன்.

பேஸ்ட் தடவியதைக்கூட என்னால் மறக்க முடியும். கோபத்தில் எல்லோர் கையும் தப்புச் செய்யும். நான் சுற்றி வளைக்காதே என்று எழுதிக் கேட்டேனே, அதற்கு நீ ஒரே வார்த்தையில் பதில் எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இல்லாத சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறவள் என்றும் எழுதினாய். அதைப் படித்துவிட்டு, என் காதில்தான் கோளாறு என்று நான் இவரிடமே சிரித்துக்கொண்டு சொன்னேன். என்னை நானே நம்பாதபடி செய்துவிட்டாய். நீ என் அண்ணன் என்பதால் செய்ய முடிந்தது. வேறு மெக்கானிக் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஸ்டோர்கீப்பர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். துணி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி இன்னும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கே வந்து, திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உனக்காக இல்லை. இவருக்கு அது யாரோ ஒருவன் வாயிலிருந்து தெரியக் கூடாது.

உன் கடிதத்தை நான் பிரித்தபோது இவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மறைக்கத் தெரியாது, உனக்குத் தெரியுமே. முகத்தைப் பார்த்துவிட்டு, “மச்சான் கோபமா எழுதியிருக்காரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “மன்னிச்சுட்டாரா?” என்று கேட்டார்.

அண்ணா, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படித்துக் காட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை. நீ அவருக்குச் செய்ததை, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்துக்கொண்டு நீதான் சொல்ல வேண்டும். எழுதாதே. இனிமேல் உன் கையெழுத்தை நான் பிரிக்க மாட்டேன்.

அதனால், “நேர்ல வர்றாராம்” என்றேன்.

அவர் தாடையைத் தடவப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைத் தூக்கிவிட்டுத் திரும்பக் கீழே வைத்தார். “இந்த மூஞ்சியோட மச்சானப் பாக்கக் கூடாது, ஷேவ் பண்ணி விடுறியா?” என்று கேட்டார். செய்துவிட்டேன். நீ எந்த நாளில் வருவாய் என்று தெரியாது. தினமும் காலையில் கேட்கிறார், தினமும் செய்துவிடுகிறேன்.

தங்கை